பதினான்கு ரொட்டியும் ஒரு நோட்டீஸும்

ஒருவர் வீட்டில் பதினோரு மாதம் உட்கார்ந்து தின்றுவிட்டு, கடைசியில் அவர் தலையிலேயே வரியைக் கூட்டிப் போட்ட மகாபாவி யாராவது உண்டா என்று கேட்டால், நான் தயங்காமல் கையைத் தூக்குவேன். அதுவும் சும்மா போடவில்லை. சட்டப்படி, முறைப்படி, சிவப்பு மையில் கையெழுத்திட்டுப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

சுவாவில் ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, இந்தியர்கள் அதிகமிருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்த அடுத்த வருஷம் அது. ஃபிஜியில் நம்மவர்களில் வசதியும் உறவும் இருந்தவர்கள் எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வரி அலுவலகத்திலும் அதே கதைதான். பெரிய நாற்காலிக்காரர்கள் ஒவ்வொருவராக சிட்னிக்கும் வான்கூவருக்கும் போய்விட, காலி நாற்காலிகள் பின்னால் இருந்தவர்களை இழுத்தன. அப்படித்தான் ஃபிஜியிலேயே ராக்கிராக்கி பக்கம் இருக்கிற பினாங்கு என்ற ஊரில் கரும்புக் குடும்பத்தில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் கடைநிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்த நான், ஒன்பதே மாதத்தில் வரித் திருத்தம் பார்க்கிற அதிகாரி ஆனேன். (திறமையால் வந்த பதவி என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். ஆளில்லாமல் வந்த பதவி என்று எழுதியிருக்க வேண்டும்.)

நான் குடியிருந்தது நமாகாவில், பெருமாள் மாமா வீட்டு முன்னறையில். மாமா உறவு இல்லை. விமான நிலையத்தில் டாக்ஸி ஓட்டுகிறவர். கவிழ்ப்புக்குப் பிறகு வெள்ளைக்காரப் பயணிகள் வருவது நின்றுபோக, அவருடைய கார் பாதி நாள் மாமரத்தடியிலேயே நின்றது. அவருக்கும் அஞ்சலை மாமிக்கும் ஒரே மகள், கல்யாணமாகி ஆக்லாந்தில் இருந்தாள். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் போவதென்று முடிவு செய்தார்கள்.

நாட்டை விட்டுப் போகிறவர்கள் வரிப் பாக்கி இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் விமானம் ஏற முடியாது. அந்தச் சான்றிதழுக்காக வருகிற கோப்புகளைச் சரிபார்ப்பதுதான் என் புதிய வேலை. ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்த கோப்பின் மேல் பெருமாள் மாமாவின் பெயர் இருந்தது.

வீட்டுக்காரர் கோப்பை நான் பார்க்கலாமா என்று மேலதிகாரியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கோ நேர்மையை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது. வரி வரியாகப் படித்தேன். டாக்ஸி வருமானம் இருந்தது, பெட்ரோல் செலவு இருந்தது. முன்னறை வாடகை மட்டும் இல்லை. நான் சம்பள நாள் தவறாமல் மாமி கையில் கொடுக்கிற பணம் அது. சாட்சியே நான்தான். இப்படி ஒரு கண்டுபிடிப்பை இந்த அலுவலகம் பார்த்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விதி தெளிவாகவே இருந்தது. வரியைக் குறைக்கிற திருத்தமென்றால் நாமே செய்துவிடலாம். கூட்டுகிற திருத்தமென்றால் முதலில் அந்த ஆளுக்கு எழுத வேண்டும். இன்ன காரணத்தால் கூட்டப் போகிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டு, பதிலுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். நான் விதியை மீறவில்லை. அழகாக ஒரு நோட்டீஸ் தட்டச்சு செய்து, கோப்பில் இருந்த விலாசத்தை உறையில் எழுதித் தபாலில் போட்டேன்.

எங்கள் பக்கம் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருவதில்லை. தபால் நிலையத்தில் பெட்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் கடிதம். சாதாரணக் குடும்பங்கள் ஏதாவது ஒரு கடைக்காரரின் பெட்டி எண்ணைத் தங்கள் விலாசமாகக் கொடுப்பார்கள். அவர் கடிதங்களை எடுத்து வந்து கடையில், எங்கள் பேச்சில் துக்கானில், வைத்திருப்பார். உப்பு புளி வாங்கப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். எங்கள் தெருவுக்கு அந்தப் புண்ணியவான் சின்னசாமி. கடிதம் எழுதிக் கொடுப்பதும் அவரே, வரிப் படிவம் நிரப்பித் தருவதும் அவரே. என் நோட்டீஸ் அவருடைய பெட்டிக்குப் போனது.

அதன் பிறகு தொடங்கியது என் மௌன விரதம். வேலையில் சேரும்போது, வரி கட்டுகிறவர்களின் விவரத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். அந்த 'யாரிடமும்' என்பதில் அந்த ஆளே அடங்குவார் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

"தம்பி, நம்ம ஃபைலு உங்க ஆபீஸ்ல வந்துச்சா?" என்று மாமா ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டார்.

"ஆபீஸ் விஷயம் வெளிய பேசக் கூடாது மாமா."

"அதுவும் சரிதான்" என்று அந்த நல்ல மனிதர் டீயை உறிஞ்சினார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டீஸ் கையில் கிடைத்தும் ஒரு சலனம் இல்லையே என்று ஆச்சரியப்பட்டேன். இன்னொரு நாள் அவர், "இனிமே எதுக்கும் கவலைப்படறதா இல்ல தம்பி. வர்றது வரட்டும், நாம ப்ளேன் ஏறிடுவோம்" என்றார். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நான் உள்ளுக்குள் கொதித்தேன். அந்த வாரக் கடைசியில் மாமி என் ரொட்டியில் வழக்கத்தைவிடத் தாராளமாக நெய் தடவினார். லஞ்சம் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. (அதற்காக ரொட்டியைத் தள்ளி வைத்தேன் என்று நினைக்காதீர்கள்.)

மூன்று வாரம் முடிந்தது. பதில் இல்லை. பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்று வரியைக் கூட்டிச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன்.

மாமாவும் மாமியும் கிளம்ப வேண்டியது ஒரு சனிக்கிழமை. வியாழக்கிழமை மாமா சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தார். நான் அன்று வேறு வேலையாக வெளியே போய்விட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். வீடு மொட்டையாக இருந்தது. கட்டில், மேஜை, குளிர்ப்பெட்டி எல்லாம் விற்றாகிவிட்டது. மாமரத்தடியில் காரும் இல்லை. மாமி ஒரு சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தார். மாமா ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"இது உன் கையெழுத்தா தம்பி?"

"ஆமா மாமா."

"சர்ட்டிபிகேட் கெடையாதுன்னுட்டாங்க. இவ்ளோ கட்டினாத்தான் ப்ளேன் ஏறலாமாம். கார் வித்த பைசா டிக்கெட்டுக்குப் போயிடுச்சு. எங்கேந்து கட்டறது?"

"நான் மொதல்லயே நோட்டீஸ் அனுப்பினேனே மாமா. மூணு வாரம் காத்துக்கிட்டும் இருந்தேன். நீங்க பதிலே போடல."

"எங்க அனுப்பினே?"

"பெட்டிக்கு."

"எந்தப் பெட்டி?"

"சின்னசாமி துக்கான் பெட்டிக்கு" என்றேன்.

மாமிதான் பேசினார். "சின்னசாமி துக்கானை மூடிட்டு வான்கூவர் போயி நாலு மாசமாச்சு தம்பி. ஏர்போர்ட்ல மாலை போட்டவனே நீதான்."

உண்மை. மாலை போட்டதோடு, இனி எங்களுக்கு யார் அண்ணே கடிதம் எடுத்து வந்து தருவார்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவனும் நான்தான்.

"இங்க பத்து அடி தள்ளி உக்காந்துதானே சாப்பிட்டே" என்றார் மாமி. குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "தட்டு வைக்கற கையிலயே அந்தக் காயிதத்தையும் குடுத்திருக்கலாமே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று மாமி தட்டு வைத்தார். நான் இரண்டு ரொட்டியோடு எழுந்துவிட்டேன். என் வரலாற்றில் அது ஒரு துக்க நாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் பஸ் ஏறிப் போய் என் மேலதிகாரி முன்னால் நின்றோம். மேரே மேடம் ஃபிஜியின் பூர்வகுடிக்காரர். நல்ல உயரம், குரல் மெல்லியது. காகிதத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"நீ எங்கே குடியிருக்கிறாய்?"

"நமாகாவில், மேடம்."

"இவர்கள்?"

"நமாகாவில்தான், மேடம்."

"எந்த வீடு?"

நான் தரையைப் பார்த்தேன். "அதே வீடு, மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "நோட்டீஸ் என்பது அனுப்பியதற்கு அடையாளம் வைத்துக்கொள்ள இல்லை. அந்த மனிதர் வாயைத் திறந்து பதில் சொல்வதற்கு. ஆள் இல்லாத பெட்டியில் போட்டது நோட்டீஸே இல்லை. உன் திருத்தம் செல்லாது." என் சிவப்புக் கையெழுத்தின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தார். "வீட்டுக்காரர் கோப்பை எதற்குத் தொட்டாய் என்பதை அப்புறம் பேசலாம். இப்போது முறைப்படி நோட்டீஸ் கொடு. இங்கேயே, கையில், அவர்களுக்குப் புரிகிற பாஷையில். இன்றைக்கே பதில் சொல்ல அவர்களுக்குச் சம்மதமென்றால் இன்றைக்கே முடிப்போம்."

அதிகாரிகள், குமாஸ்தாக்கள், கவுண்டரில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, நான் என் நோட்டீஸைத் தமிழில் படித்துக் காட்டினேன். மாமா மாமியைப் பார்த்தார். மாமி முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"பதில் சொல்றேன். எழுதிக்க."

கடிதம் எழுதுகிற சின்னசாமி வான்கூவரில் இருந்தார். இருவருக்கும் ஆங்கிலம் எழுத வராது. அங்கே தமிழ் கேட்டு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஒரே ஆள், குற்றவாளியாகிய நான். பேனாவை எடுத்தேன்.

"வாடகை வாங்கினது நெசம். அது ரூமுக்கு மட்டும் இல்ல, இவன் சாப்பாட்டுக்கும் சேத்து. காலையில அஞ்சு ரொட்டி. டப்பாவுல ஆறு. சாயங்காலம் வந்ததும் டீயோட மூணு. எழுதினியா?"

"எழுதறேன் மாமி."

"அதுக்கு மேல ராத்திரிக்கு சோறு. மீன் இருந்தா ரெண்டு வாட்டி சோறு. ரோரோ கீரை தேங்காப்பால்ல செஞ்சா சட்டியில மிச்சம் இருக்காது. ஞாயித்துக்கிழமை கோழி. அவரு தொடையைக் கூட இவனுக்குத்தான் வைப்பேன். அதையும் எழுது."

"மாமி, கோழித் தொடை அவசியமா?"

"கேட்டது நீங்கதானே" என்றார் மாமி.

எழுதினேன். என் கையெழுத்திலேயே, அரசாங்கக் காகிதத்தில், பதினோரு மாதச் சாப்பாட்டையும் நாள்வாரியாக எழுதினேன். மேரே மேடம் கணக்குப் போடும் இயந்திரத்தைத் தட்ட ஆரம்பித்தார். மாவு விலை, நெய் விலை, கோழி விலை. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்தார்.

"ஒரு நாளைக்குப் பதினான்கு ரொட்டியா?"

"சின்ன ரொட்டிதான், மேடம்" என்றேன்.

என்ன கேட்கிறார் என்று மாமா மாமியின் காதில் சொன்னார். "சின்னது இல்ல" என்றார் மாமி, இரண்டு கையையும் விரித்து அளவு காட்டி. கவுண்டர் வரிசை முழுவதும் சிரித்தது.

நான் கொடுத்த வாடகையைவிட என்னால் ஆன செலவு அதிகம் என்று முடிவானது. கூட்டுவதற்கு ஒரு காசு இல்லை. அந்த வீட்டில் நஷ்டக் கணக்கு என்று ஏதாவது இருந்தால், அது நான்தான். மேடம் சான்றிதழில் முத்திரை குத்தி மாமா கையில் கொடுத்துவிட்டு, மாமியின் பதிலைக் கோப்பில் கோத்து வைத்தார். "இது எப்போதும் இங்கே இருக்கும்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

சனிக்கிழமை விமான நிலையத்தில் மாமா என் தோளைத் தட்டினார். திட்டவில்லை, திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாமி துணியில் கட்டிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். "பதினாலு இருக்கு. இதைக் கணக்குல எழுதாதே" என்றார். அவர்கள் உள்ளே போனதும் கூரைத் தூணுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே தின்றேன். பெற்றவர்களைப் பிரிந்து வந்தபோது கூட அப்படி அழுததில்லை.

அடுத்த கவிழ்ப்புக்குப் பிறகு நானும் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆக்லாந்து வந்து சேர்ந்தேன். கிளம்புவதற்கு முன் சான்றிதழ் வாங்கப் போனபோது, கவுண்டரில் இருந்த பையன் என் பெயரைப் படித்துவிட்டு, "பதினான்கு ரொட்டி சார் நீங்கள்தானா?" என்று மரியாதையாகக் கேட்டான். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். குழம்பில் உப்பு கூட என்று சொன்னால், "நோட்டீஸ் குடுத்தீங்களா?" என்கிறாள் மனைவி. மகனின் முடி நீளம் பற்றி வாயைத் திறந்தால், பதில் சொல்ல மூன்று வாரம் கேட்கிறான்.

மாமா வீடு இங்கே கார் ஓட்டினால் இருபது நிமிஷம். என் ரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகு, ஒவ்வொரு முறை சாப்பிடப் போவதற்கு முன்பும் மாமியின் பேத்தி எழுதிய கடிதம் ஒன்று வருகிறது. என் ரொட்டி எண்ணிக்கையைப் பதினான்கிலிருந்து நான்காகத் திருத்த உத்தேசம். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும் என்று அதில் இருக்கும். தபாலில் நம்பிக்கை இல்லாமல் மாமாவே காரில் வந்து அதை என் கையில் கொடுத்துவிட்டு, பதிலுக்காக வாசலில் நிற்கிறார்.

நான் ஒவ்வொரு முறையும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம், எதற்கு இந்த நாடகம் மாமி, நாலோ அஞ்சோ நீங்களே பார்த்து வைத்துவிடுங்களேன் என்று போனில் சொன்னேன்.

"அது எப்படி தம்பி" என்றார் மாமி. "உன்னைக் கேக்காம எப்படிப் போடறது?"