ரெண்டு எம்.எம்.

நுழையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது அந்தக் கனெக்டர். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக். வாலில் சிவப்பும் கறுப்புமாக ரெண்டு வயர். ஜெகதீஸ்வரன் நேராகத் தள்ளினார், திருப்பித் தள்ளினார், கடைசியில் சுத்தியல் காம்பால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். சர்க்யூட் போர்டிலிருந்த ஊசி மாதிரிப் பின் மடங்கிப் படுத்துக்கொண்டது.

“உடைஞ்சிருச்சா?” என்றாள் மனைவி தங்கலட்சுமி.

“வளைஞ்சிருக்கு. அம்புட்டுத்தேன்.”

திருச்சுழி பக்கத்துக் கரிசலில் அவர்கள் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். முளைவிட்டதுமே மயில்கள் பந்தி உட்கார்ந்துவிட்டன. வலை வாங்கலாம் என்று தங்கலட்சுமி சொன்னதை இவர் காதில் வாங்கவில்லை. கூட்டுறவுச் சங்கக் குமாஸ்தாவான அவர், வீடியோ பார்த்தே எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். மயில் கிட்டே வந்தால் தானாக வெடிச் சத்தம் போடும் மெஷின் செய்வதாக ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். போர்டு தயார், ஸ்பீக்கர் தயார். ரெண்டையும் சேர்க்கத்தான் முடியவில்லை.

அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

“கனெக்டர் குடுங்க.”

“எத்தனை எம்.எம். சார்?” என்றார் கடைக்காரர்.

அதில் எம்.எம். வேறு இருக்கிறதா! “சின்னதா இருக்கும்.”

“இங்க எல்லாமே சின்னதுதான் சார்.”

குத்துமதிப்பாக ரெண்டரை வாங்கி வந்தார். போர்டு கேட்டது ரெண்டு. பிளேடால் ஓரத்தைச் சீவினார். கனெக்டர் மெலிந்தது, கட்டைவிரலும் மெலிந்தது.

ஆன்லைனில் சரியான அளவுக்கு ஆர்டர் போட்டார். வந்த பாக்கெட்டில் பிளாஸ்டிக் கூடு தனி, கொசு இறக்கை மாதிரி பித்தளைத் துண்டுகள் தனி. வயர் நுனியில் துண்டை வைத்து நசுக்கி, கூட்டுக்குள் நாமேதான் சொருக வேண்டுமாம். அதற்கென்று இடுக்கி மாதிரி ஒரு பிளேயர் உண்டாம். இவரிடம் இருந்தது நகவெட்டி. பாதித் துண்டுகள் சப்பையாயின. ஒன்று தும்மலில் பறந்து சாம்பாரில் விழுந்தது. ஒருவழியாக மாட்டினால், சிவப்பு இடத்தில் கறுப்பு. போர்டிலிருந்து ஊதுபத்தி மாதிரிப் புகை வந்தது.

“வேலை செய்யுதுங்க!” என்றாள் தங்கலட்சுமி.

“புகையிதுடி!”

அப்புறம் புதுப் போர்டு, முறையான பிளேயர். வீட்டில் மெஷின் வெடித்த வெடியில் பக்கத்துத் தெரு நாயெல்லாம் ஓடியது. பெருமையோடு சோளக்காட்டில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் காலை போனால், சத்தமில்லை. கனெக்டர் கழன்று தொங்கியது.

ஊருக்கே கேட்கிற மாதிரி அதை வைதுகொண்டே உட்கார்ந்து மாட்டினார். சாயங்காலம் ஆபீஸ் விட்டுப் போனால், மறுபடியும் தொங்கியது. பசை போட்டார், பசை உள்ளே இறங்கிப் பின்னை மூடியது. சுரண்டினார். டேப் சுற்றினார். டேப்போடு சேர்ந்து தொங்கியது.

“ஏலே சனியனே! ரெண்டு எம்.எம். இருந்துக்கிட்டு என்னையவே ஆட்டி வைக்கிறியா!” அவர் போட்ட கூப்பாட்டில் கருவேல மரத்து மயில்கள் மல்லாங்கிணறு திசைக்கே பறந்தன. காலையிலும் சாயங்காலமும் இதே பாடு. தன் கையே தனக்குத் துரோகம் செய்வதாக அவருக்குத் தோன்றியது. ஒரு வயரை ஒழுங்காக நசுக்கத் தெரியாதவன் ஊரெல்லாம் ஏன் பீத்தினேன்?

தங்கலட்சுமி மட்டும் சளைக்கவில்லை. “விட்றாதீங்க. வெள்ளன எந்திரிச்சுப் போயி இன்னொருக்கா பாருங்க. நான் காப்பி போட்டுத் தாரேன்.”

இப்படியொரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நெகிழ்ந்தபடி மறுபடி போவார்.

சோளம் ஆளுயரம் வளர்ந்து கதிர் பிடித்துவிட்டது. “ஜெகதீஸ்வரன் மெஷினு பிரமாதம்ல!” என்று ஊர் பேச ஆரம்பித்ததும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் வலையே வாங்கிவிடலாம் என்று ஒரு காலையில் மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த மாயக்காள் பதறி ஓடிவந்தாள். “என்ன தம்பி, எடுத்துட்டுப் போறீக?”

“மன்னிச்சிருங்கக்கா. இது ஒரு நாளும் ஒழுங்கா வேலை செய்யல. கனெக்டரு நிக்க மாட்டேங்குது. எனக்கு மாட்டத் தெரியல.”

“அட, மொதத் தடவைக்கப்புறம் அது நல்லாத்தேன் நிக்குது தம்பி! நீங்க அங்கிட்டுப் போனதும் கழட்டி விடச் சொல்லி ஒங்க வீட்டுக்காரிதேன் சொல்லிச்சு. மெஷினு சத்தத்துக்கு மயிலு ஒரு நாளுதேன் பயப்படுமாம், நீங்க வையிற சத்தத்துக்குத் தெனமும் ஓடுதாம்!”