கேப்டன் முனியாண்டிக்கு மாலை வேண்டாம்

பாம்பூஃப்ளாட், அந்தமான்,
கார்த்திகை மாதம், 2014.

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் சொக்கலிங்கம் அவர்களுக்கு, தங்கை புஷ்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மாப்பிள்ளை ராஜமாணிக்கமும் மகளும் மழையில் ஊறியபடி சௌக்கியம். அங்கே காரைக்குடியில் தாங்களும், சுதா அண்ணியும், அண்ணியின் முழங்காலும் சௌக்கியமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் தாங்கள் முதலில் பெட்டியை விசாரிப்பீர்கள், பெட்டி சௌக்கியம் என்று நான் சொல்வேன், அதற்குள் லைன் போய்விடும். கடிதத்தில் லைன் போகாது, குறுக்கே பேசவும் முடியாது. அதனால் அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படிக்கவும். மேலே 'தாங்கள்' என்று எழுதியது அப்பா சொல்லிக்கொடுத்த மரியாதைக்காக. இனி வாயில் வருகிறபடி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

சுனாமியில் உன் சிப்பிகாட் கடைக்குள் வந்த தண்ணீர் திரும்பிப் போகவே இல்லை. நிலநடுக்கத்தில் பூமி தாழ்ந்துவிட்டது, இனி தண்ணீர் வடியாது என்று சர்க்கார் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். சிலேட்டு, நோட்டு, மேன்லேண்டிலிருந்து வந்த பத்திரிகைகள் எல்லாம் கடைக்குள் மிதந்தன. பரணில் இருந்த தகரப் பெட்டி மட்டும் நனையவில்லை. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து நீ சேர்த்த 'மாலுமி மார்த்தாண்டன்' காமிக்ஸ் அத்தனையும் அதற்குள் இருந்தது. அங்கே இந்த மாதம் வந்த இதழ் இங்கே கப்பலேறி வர அடுத்த மாதம் ஆகிவிடும். கப்பல் வருகிற நாளில் ஹாடோ துறைமுகத்தில் மழையில் நின்று வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவாய். நீ நனைந்திருப்பாய், மார்த்தாண்டன் நனைந்திருக்க மாட்டான். அப்பேர்ப்பட்ட பெட்டியை என் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, "ரெண்டு மாசம் புஷ்பா. அங்க ஒரு எடத்தப் பாத்துட்டு வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிக் கப்பலேறினாய். இடம் பார்த்தாய், வீடு கட்டினாய், போன வருஷம் மாடியும் எடுத்தாய். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை.

முதல் சில வருஷம் அந்தப் பெட்டியை நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அரிசி மூட்டையை அதன்மேல் வைத்திருந்தேன். நீ தீபாவளிக்குக் கூப்பிடுவாய், பொங்கலுக்குக் கூப்பிடுவாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்தப் பண்டிகையும் இல்லாத நாளில், போன் அடித்தது. யாருக்கு என்ன ஆனதோ என்று பதறிப்போய் எடுத்தேன். "புஷ்பா, பெட்டி எங்க இருக்கு?" என்றாய். பழைய காமிக்ஸுக்கெல்லாம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அடிதடி நடக்கிறது, ஃபேஸ்புக்கில் குழு வைத்து ஏலம் போடுகிறார்கள், மார்த்தாண்டனின் முதல் இதழுக்குத் தங்கத்துக்கு இருக்கிற மரியாதை இருக்கிறது என்றாய். நான் அரிசி மூட்டையை இறக்கினேன்.

அன்று பிடித்தது எனக்குச் சனி. தினம் ஒரு போன், தினம் ஒரு கட்டளை. நாப்தலின் உருண்டை போடு என்றாய், போட்டேன். அதன் நெடி தாளுக்கு ஆகாதாம், எடு என்றாய், எடுத்தேன். வேப்பிலை போடு என்றாய், அதில் எறும்பு வந்தது. இந்த ஊரில் வருஷத்தில் பாதி மழை, செருப்பே பூசணம் பூக்கிறது. புத்தகங்களைப் பீரோவுக்குள் அடுக்கி, பல்பு எரியவிட்டுச் சூடு காட்டச் சொன்னாய், அதையும் செய்தேன். பக்கத்து வீட்டு பெங்காலிக்கார அக்கா எட்டிப் பார்த்து, "கித்தாப் கோ புகார் ஹை க்யா?" என்று கேட்டாள். புத்தகத்துக்குக் காய்ச்சலா என்று கேட்கிறாள். மாப்பிள்ளை படகு வேலை முடிந்து வந்து, "என் துணிய இப்படி ஒருநாள் காயவச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஆனாலும் அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், அது நல்ல காலம். பெட்டியைக் கேட்டு முடித்ததும் உனக்குப் பேச்சு தொடரும். சாப்பிட்டாயா என்பாய். கடைவாய்ப் பல் பிடுங்கியதைச் சொல்வாய். காரைக்குடியில் மீன் மீனாகவே இல்லை என்பாய். ஒருநாள் லைன் போகாமல், பேசுவதற்கும் ஒன்றும் இல்லாமல், சும்மா இருந்தோம். நீ தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாய், நான் இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வைக்கட்டுமா என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் நீ அனுப்பிய கிருஷ்ணமூர்த்தி சார் வந்தார். பாங்கில் ரிட்டயரான மனிதர், சம்சாரத்தோடு அந்தமான் சுற்றிப்பார்க்க வந்தவர், சம்சாரத்தை ஓட்டலில் விட்டுவிட்டு சாத்தமிலிருந்து படகு பிடித்துப் பூதக்கண்ணாடியோடு வந்தார். காபி வேண்டாம், ஆவி தாளில் படும் என்றார். கையை மூன்று தரம் கழுவினார். பக்கங்கள் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறேன் என்று ஒரு இதழை எடுத்தவர் சோதிப்பதை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். அடுத்ததையும் எடுத்தார். கடைசிப் படகும் போய்விட்டது. அந்த அம்மா ஓட்டலிலிருந்து போனில் போட்ட சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது. நம் வீட்டிலேயே மீன் குழம்பு சாப்பிட்டுப் படுத்துக்கொண்டு, காலையில் போகும்போது மொத்தப் பெட்டியையும் கேட்டார், நல்ல விலையும் சொன்னார். உனக்குப் போன் போட்டால், "குடுத்துராத புஷ்பா, இன்னும் ஏறும்" என்றாய். ஏறட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். பெட்டி போய்விட்டால் நீ எதற்குக் கூப்பிடுவாய்?

ஏறவில்லை. அந்தக் காமிக்ஸ் கம்பெனிக்காரரே பழைய கதையையெல்லாம் வழுவழு தாளில் கலரில் மறுபடி அச்சடித்துவிட்டார். ஊரெல்லாம் அதை வாங்கிப் படித்தது, பழையதைக் கேட்பதற்கு ஆளில்லை. "எல்லாம் போச்சு புஷ்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாய். அப்புறம் பொங்கல் வந்தது, போன் வரவில்லை. சித்திரை வந்தது, வரவில்லை. நான் கூப்பிட்டால் அண்ணி எடுத்து, "அவுகளுக்கு மனசு சரியில்ல" என்றார்கள். பெட்டிமேல் அரிசி மூட்டையைத் திரும்ப ஏற்ற எனக்குக் கை வரவில்லை.

மழை நாளில் பொழுது போகாமல் திறந்து படிக்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷம் காவல் காத்தேனே ஒழிய ஒன்றையும் படித்ததில்லை. மார்த்தாண்டன் புயலில் மாட்டுகிறான், சுறா துரத்துகிறது, கடத்தல்காரன் பாய்மரத்தில் கட்டிப்போடுகிறான், இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறான். டிக்கெட் கிடைக்கவில்லை, வீட்டு வேலை நடக்கிறது என்று ஒரு இதழில்கூடச் சொன்னதில்லை.

இனி சொல்லப்போவதை அண்ணியைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படி. நான் வேலை பார்க்கிற ஆபீசில் மத்தியான நேரம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும். இங்கே நெட் இருக்கிற லட்சணத்தில் ஒரு பக்கம் திறப்பதற்குள் சாப்பிட்டுக் கையும் கழுவிவிடலாம். அப்படித் திறந்து திறந்து, ஓய்வு பெற்ற கப்பல்காரர் என்று சொல்லிக்கொண்டு அந்தக் குழுவில் சேர்ந்தேன். பெயர் கேப்டன் முனியாண்டி, ஊர் போர்ட் பிளேர். முகத்துக்குப் பதில் காலண்டரில் இருந்த கப்பல் படத்தைப் போட்டேன். 'மறுபதிப்பை நான் கையாலும் தொடமாட்டேன். எனக்குப் பழைய அச்சுதான் வேண்டும். அதன் தாளில் சின்ன வயதின் வாசம் இருக்கிறது. விலை ஒரு பொருட்டே இல்லை' என்று எழுதினேன். அவ்வளவுதான் அண்ணா நான் செய்தது. நூறு பேர் அதற்குக் கைதட்டினார்கள். முனியாண்டி கேட்டதை இன்னொருத்தர் கேட்டார், அவருக்குப் போட்டியாக மற்றொருத்தர் கேட்டார், ஒரே மாதத்தில் சந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

போன் அடித்தது. "புஷ்பா, கேப்டன் முனியாண்டினு ஒரு மனுசன். என்னா ரசனைங்கிற. பழைய தாள் வாசத்தப் பத்தி எழுதியிருக்காரு, எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு."

"அப்படியாண்ணே?"

"ஒனக்கெல்லாம் அது புரியாது."

புரியாதுதான் என்று ஒத்துக்கொண்டேன். தினம் கூப்பிட்டாய். சாப்பிட்டாயா என்று கேட்டாய். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் உனக்குப் போதவில்லை. பெட்டியை மொத்தமாக முனியாண்டிக்கே கொடுப்பது என்று முடிவு கட்டினாய். "பணம் பெருசில்ல, நல்ல கைக்குப் போகணும். அவரும் போர்ட் பிளேர்தானாம். ஞாயித்துக்கிழம ஒன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன், காபி குடுத்து அனுப்பு" என்றாய். மாப்பிள்ளையிடம் சொல்லி அழுதேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "கேப்டன் வர்ற நேரமாச்சு. நீயே உக்காந்து நீயே வெல பேசு, நான் வேணா காபி போடுறேன்" என்றார். அப்புறம் மனசு இரங்கி, "கப்பல்காரன்தான, கடல்லயே விட்டுரு" என்று வழி சொன்னார். அந்த வாரமே முனியாண்டியின் மகன் பெயரில், அப்பா காலமாகிவிட்டார் என்று ஒரு வரி எழுதிப் போட்டேன்.

குழுவே அழுதது. யாரோ கவிதை எழுதினார். மார்த்தாண்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒருத்தர் படம் வரைந்தார். நீ போனில் தேம்பினாய். "பழகக் குடுத்து வைக்கல புஷ்பா. எம் பேரச் சொல்லி அவரு வீட்டுல ஒரு மாலை போட்டுட்டு வா. நான் பொங்கலுக்கு ஃப்ளைட் போட்டு வர்றேன், அவரு வீட்டம்மாவ நேர்ல பாத்து ரெண்டு வார்த்த சொல்லணும்" என்றாய்.

அண்ணன் வருகிறது என்று மாப்பிள்ளையிடம் கத்தினேன். மாடியறையைக் கழுவினேன். நீ படுக்கப் புதுப் பாய் வாங்கினேன். பாயை விரித்துப் பார்க்கும்போதுதான் உறைத்தது. என் மகளின் காதுகுத்துக்கு நீ வரவில்லை. மாப்பிள்ளை படகுக்கும் படகுத்துறைக்கும் நடுவில் கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வரவில்லை. அப்பா திவசத்துக்கு ஒரு தரம்கூட வரவில்லை. பிறக்கவே பிறக்காத ஒரு மனிதன் செத்ததற்குக் கடல் தாண்டி வருகிறேன் என்கிறாய். அவன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது அண்ணா. நானே பெற்று, நானே வளர்த்து, நானே தலைமுழுகினவன் மேல்.

அதனால்தான் இந்தக் கடிதம். முனியாண்டி இல்லை. அவருக்கு வீட்டம்மாவும் இல்லை. மாலை போட வேண்டிய வீடு எதுவும் இந்தத் தீவில் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டும் நீ வருவதாக இருந்தால் டிக்கெட்டை வைத்துக்கொள், இல்லையென்றால் கேன்சல் செய்துவிடு. கோபம் இருந்தாலும் பெட்டிக்காகவாவது வா. ஒரு அட்டைகூடக் கசங்கவில்லை, ஒரு கறை கிடையாது. கிருஷ்ணமூர்த்தி சார் இப்போதும் வாங்கத் தயார் என்று போன வாரம்தான் சொன்னார். உனக்கு நஷ்டம் வராது.

உனக்கும் அண்ணிக்கும் என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. மாப்பிள்ளை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மறைந்த கேப்டனும் கேட்டதாகச் சேர்த்துக்கொள் என்கிறார், அவரை மன்னித்துவிடு. எல்லாரும் தீர்க்காயுசாக, மழையில் நனையாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கை புஷ்பா.

பின்குறிப்பு: கறை கிடையாது என்று மேலே எழுதியது நேற்றைய நிலவரம். இன்று காலை உறையை ஒட்ட எடுத்தபோது மனசு ஆறவில்லை. பெட்டியைத் திறந்து, முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை ஒவ்வோர் அட்டையிலும் 'சொக்கலிங்கம், புஷ்பா' என்று நீலப் பேனாவால் பெரிதாக, அழுத்தி எழுதிவிட்டேன். பேனா பட்ட அட்டையைக் காசு கொடுத்து எவனும் வாங்க மாட்டான் என்று கிருஷ்ணமூர்த்தி சார்தான் சொன்னார். இனி அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டத்தான் ஆகும்.