கல்லுறிஞ்சி சாமியின் கடைவாய்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயமொன்றில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. கல்லுறிஞ்சி சாமி வந்திருந்தார். நோயாளியின் விலாவில் வாய் வைத்து உறிஞ்சுவார்; கிட்னிக் கல் தட்டில் வந்து விழும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வெட்கமும் இல்லை. சாமி மௌன விரதம். பேச்செல்லாம் சீடன்தான்.

நோயாளியாகப் படுத்திருந்தவள் பூரணியோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கும் வீரம்மா. போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் கல்லை எடுத்து, உள்ளே குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். சீனி வியாதிக்காரி. கல்லும் பெரிது. மூத்திரத்தில் முன்பே கிருமி. கொழுந்து பறிக்கும் மலையில் கக்கூஸ் இல்லையென்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நின்றதற்குக் கிடைத்த சன்மானம். "இவங்களுக்குக் கிருமி ரத்தத்துல ஏறலாம். குளிர்காய்ச்சல் வந்தா உடனே கொண்டு வாங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்போது வீரம்மா கம்பளிக்குள் கிடுகிடுவென்று நடுங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்க" என்றாள் பூரணி, வீரம்மாவின் புருசன் அழகனிடம்.

"சும்மா இரு புள்ள. முனிக்குச் சேவல் அறுக்காம ஆப்பரேசன் செஞ்சதுதான் குத்தமாம். தாய்க்கல்லு இன்னும் உள்ள இருக்காம்!"

தாய்க்கல்லாம்! சித்தப்பா கல் வராமலா போகும்?

பூரணி வாதாடவில்லை. சுடச்சுட பிளேன் டீயும் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து நீட்டினாள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டு உறிஞ்சுங்க சாமி."

சாமி கையை ஆட்டி மறுத்தார். தோட்டத்தில் தேத்தண்ணியை மறுப்பது அந்த வீட்டையே மறுப்பது போல. அழகனின் முகம் சுருங்கியது.

"எங்க வீட்டுல வாய் நனைக்க மாட்டீங்களா சாமி?"

"ஒரு வாய் குடிங்க சாமி!" என்று கூட்டமும் கெஞ்சியது.

வேறு வழியில்லை. சாமி கருப்பட்டியைக் கடித்தார். கடக்! "ஐயோ, பல்லு!" என்று மௌன விரதம் அலறியது. கடைவாயிலிருந்து அழகனின் காலடியில் கற்கள் தெறித்தன. ரோட்டுக்குக் கொட்டும் சல்லிக்கல்!

"இன்னும் உறிஞ்சவே இல்லியே சாமி" என்றாள் பூரணி. "இது யாரு கிட்னியில இருந்து வந்திச்சு?"

சீடன் அதற்குள் தேயிலைக்குள் இறங்கி ஓடிவிட்டான். சாமியை அடிக்க அழகன் கையை ஓங்கினான்.

"அத அப்புறம் பாக்கலாம். த்ரீவீலரக் கூப்பிடுங்க மொதல்ல!" என்று தடுத்தாள் பூரணி.

வீரம்மா பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கொண்டுவந்தே இருக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

அவள் வீடு திரும்பிய அன்றே பக்கத்துக் காம்பறாவில் குடியிருக்கும் மீனம்மா பூரணியின் காதில் கிசுகிசுத்தாள்.

"திம்புள்ளப் பக்கம் ஒரு சாமி கண்ணால பாத்தே கல்லக் கரைக்கிறாராம்க்கா. போயிட்டு வருவமா?"

"போங்க" என்றாள் பூரணி. "போறப்ப மூளையையும் கூட்டிட்டுப் போங்க. காம்பறாவுல பூட்டி வச்சிட்டுப் போயிறாதீங்க."