ஒற்றைப்படை டோக்கன்

திருவண்ணாமலையில் முகத்தைப் பார்க்காமலே ஒருவரின் ஜாதகத்தைச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் சாமியாரும் இல்லை, ஜோசியரும் இல்லை. ராஜகோபுரத்துக்கு எதிரே செருப்பு ஸ்டாண்டு வைத்திருப்பவர். ஊருக்கே அவர் ‘டோக்கன்’. சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

வருகிறவர்களை அவர் நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். செருப்பைத்தான் பார்ப்பார். “இன்னா சார், ஒரு பக்கமா தேஞ்சிருக்கு, வீட்ல சண்டையா?” என்று ஒரு பெரிய அதிகாரியையே கேட்டவர். ஆட்களுக்குப் பெயர் வைப்பதும் செருப்பைப் பார்த்துத்தான். எனக்கு ‘பிஞ்ச வாரு’.

வாரைத் தைக்கக்கூட நேரமில்லாத அளவுக்கு எனக்கு அப்போது ஒரு வேலை இருந்தது. போனில் ரம்மி. மகளின் ஸ்கூல் ஃபீஸ், மனைவி கல்பனாவின் வளையல் எல்லாம் அதற்குள் போயின. “இன்னொரு தடவ ஆடினீங்கன்னா பாப்பாவ கூட்டினு கீழ்பென்னாத்தூர் போய்டுவேன்” என்று சொல்லி, அம்மா வீட்டுக்குப் போகப் பையையும் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள் கல்பனா.

நானோ ராசி பார்த்துக்கொண்டிருந்தேன். டோக்கனிடம் செருப்பை விடுவேன். அவர் தரும் டோக்கன் வில்லையில் இரட்டைப்படை எண் வந்தால் அண்ணாமலையார் உத்தரவு கொடுத்துவிட்டார், ஆடலாம். ஒற்றைப்படை வந்தால் செருப்பை வாங்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி வருவேன். சாமியே மனசு மாறும்வரை விடமாட்டேன்.

ஒருநாள் ஏழு முறை வந்தேன். ஏழும் ஒற்றைப்படை.

“ஏழு வாட்டி செருப்பு விட்ட, ஒரு வாட்டி கூட உள்ள போவல. இன்னா சமாச்சாரம்?” என்றார், செருப்பைப் பார்த்தபடியே. உளறிவிட்டேன்.

“ரெட்டப்பட வேணும்னு நீ முணுமுணுக்கறது கேட்டுது. எதுக்குன்னு பாக்கலாம்னுதான் ரெட்டப்பட டோக்கன எல்லாம் ஒளிச்சி வெச்சேன்” என்றார். பிறகு குரல் இறங்கியது. “என் தம்பிக்கும் இதே சீட்டு பைத்தியம்தான்யா. எங்க கூட்டினு போறதுன்னு அப்போ எனக்குத் தெரியல. இப்போ தெரியும். வீட்டுக்காரம்மாவ கூட்டினு வா. அதுவரைக்கும் செருப்பு கிடையாது.”

வெறுங்காலோடு நடந்தேன். நம் ஊரில் வெறுங்காலோடு நடப்பவனைச் சூதாடி என்று யார் நினைப்பார்கள்? பூக்காரம்மா கும்பிட்டார். ஆட்டோக்காரர் “ஏறுங்க சாமி, காசு வேணாம்” என்றார். வீட்டு வாசலில் என் காலைப் பார்த்த கல்பனாவின் முகம் மலர்ந்தது.

“கிரிவலம் போய்ட்டு வந்தீங்களா?”

‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து மட்டும் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையை ஒரு முறை பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, “அந்த ஆளு எங்க இருக்காரு, காட்டுங்க” என்றாள்.

டோக்கன் ஸ்டாண்டைப் பூட்டிவிட்டு எங்களோடு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு வந்தார். உள்ளே என்னை வறுத்தெடுப்பார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். கவுன்சிலிங் கொடுக்கும் அம்மாவோ முதலில் கல்பனாவிடம், “நீங்க தூங்கறீங்களாம்மா?” என்று கேட்டார். அதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை, நான் உட்பட. முக்கால் மணி நேரம் பேசினாள். ஒரே வீட்டில் இருந்தும் அதில் பாதி எனக்குப் புதுச் செய்தி.

வெளியே வந்தால், டோக்கன் வார்டு வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். நர்ஸ் திட்டிக்கொண்டிருந்தார்.

வாரம் தவறாமல் போனோம். நடுவில் ஒரு தடவை வழுக்கி, மறுபடி ஆடிவிட்டேன். அதையும் அங்கேயே போய்ச் சொன்னேன். “வியாதின்னா அப்படித்தான், வர்றத நிறுத்திடாதீங்க” என்றார்கள். இப்போது என் கையில் இருப்பது பட்டன் போன். கல்பனாவின் பை பரணுக்குப் போய்விட்டது.

போன பௌர்ணமிக்கு மகளோடு மூன்று பேருமாகக் கோயிலுக்குப் போனோம். “வாரு தெச்சிட்ட போலிருக்கே” என்று டோக்கன் வில்லையை நீட்டினார். “பாரு, ரெட்டப்பட.”

நான் எண்ணைப் பார்க்கவில்லை. முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்த அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.