ஒரு நிமிஷம் மட்டும் வரும் டாக்டர்

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே வீடு திரும்பி உயிரோடு இருக்கிறேன். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. சிரித்தால் மட்டும் தையல் போட்ட இடத்தில் சுரீரென்கிறது. ஆகவே இதை மிகவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஆபரேஷனுக்குப் பயந்து ஓடிவிட்டதாக அத்தான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் பயந்தது உண்மை. ஓடியதும் உண்மை. ஆனால் ஆபரேஷனுக்குப் பயந்து ஓடவில்லை. போனில் சொன்னால் பாதியில் நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், மீதி உன் காதில் விழாது. அதனால்தான் கடிதம்.

அன்று காலையில் மூன்றாம் மாடி அறையில் என்னைப் படுக்க வைத்து, போட்டிருந்ததையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டு, பச்சையாக ஒரு அங்கியைக் கொடுத்தார்கள். முன்பக்கம் கழுத்துவரை மூடியிருக்கிறது, பின்பக்கம் இரண்டு நாடா, அவ்வளவுதான். கைக்கடிகாரம், மோதிரம், கடைசியில் மூக்குக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் உன் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்து அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டுப் பிழைக்கிறவன் நான், ஆனால் என் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா பீரோவா என்று எனக்குத் தெரியாது. அந்த நிலையில் ஒரு நர்ஸ் வந்து, குரல் நடுங்க, என் காதருகே குனிந்து, “சார், நீங்க குடுத்து வச்சவரு. அவரு இன்னிக்கு இங்க வர்றாரு. வெளியே யாருக்கும் தெரியாது, தெரிஞ்சா ஆஸ்பத்திரி தாங்காது” என்றாள். யாரம்மா என்று கேட்டால், “பேரைச் சொல்லக் கூடாது சார். ஒரே ஒரு நிமிஷம்தான் வருவாரு. ஆனா அந்த ஒரு நிமிஷம் போதும் சார், மத்தவங்க மூணு மணி நேரம் பண்றதெல்லாம் ஒண்ணுமே இல்ல” என்கிறாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது அக்கா. மூன்று மணி நேர ஆபரேஷனை ஒரு நிமிஷத்தில் முடிக்கிற மகாராசன், அதுவும் எனக்காக ரகசியமாக வருகிறார்!

வந்தார். முதலில் வாசனை வந்தது. பின்னால் உயரமாக ஒரு வெள்ளைக் கோட்டு, அதைச் சுற்றி நாலைந்து பேர். என் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பளபளவென்று எதையோ திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எப்படிப் பிடிக்கணும்? பேனா மாதிரியா, கரண்டி மாதிரியா?” என்று கேட்டார். கூட வந்தவன், “எப்படிப் பிடிச்சாலும் சரிதாங்க. உங்க கையில இருந்தா ஜனங்க நம்பிடுவாங்க” என்றான். “வயித்துல எந்த இடத்துல வெட்டணும்?” “எங்க வேணா வெட்டுங்க சார், நாங்க மறைச்சிடுவோம்.” “ரத்தம்?” “ரெண்டு பக்கெட் கலக்கி வச்சிருக்கு சார்.” “ஆளு பொழைக்கிறானா?” “இன்னும் முடிவாகல சார். செத்தாத்தான் மனசுல நிக்கும்னு டைரக்டர் சொல்றாரு.”

ஆஸ்பத்திரி டைரக்டரை நான் ஒரு முறை வராந்தாவில் பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? அப்போதுதான் அந்த வெள்ளைக் கோட்டு என் பக்கம் திரும்பி, “என்ன பெரியவரே, பயமா இருக்கா?” என்றது. “இதுக்கு முன்னாடி நீங்க நெறையப் பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டேன். அந்த மனிதர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், “டாக்டரா இதுதான் முதல் தடவை. போலீஸா நெறையப் பண்ணியிருக்கேன்” என்றார்.

நீயே சொல், அக்கா. அந்த இடத்தில் அத்தான் இருந்தால் படுத்துக்கொண்டிருப்பாரா?

பாத்ரூம் என்று ஒரு விரலைக் காட்டிவிட்டு எழுந்தேன். வராந்தாவுக்கு வந்ததும் ஒரு கையால் அங்கியின் பின்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டு ஓடினேன். மாடிப்படி என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளினால், உள்ளே கண்ணைக் கூசும் வெளிச்சம், நடுவில் மேஜை, மேஜையில் மார்பிலிருந்து தொடைவரை ரத்தமாக ஒருவன். செத்துவிட்டான் பாவம் என்று நினைக்கும்போதே அவன் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். என்னையும் என் அங்கியையும் பார்த்துவிட்டு, “உங்களையும் கூட்டிட்டு வந்துட்டாங்களா? உக்காருங்க. காலையில இருந்து என்னையே வெட்டிட்டு இருக்காங்க, இன்னும் சரியா வரலையாம்” என்றான். பின்னாலிருந்து ஒரு குரல், “பெரியவரே, அவசரப்படாதீங்க, அடுத்தது உங்களைத்தான்” என்றது. அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தை நான் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் அப்பா எனக்குக் கடை வைத்துக் கொடுத்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறையில், விரிப்புக் குவியலுக்குள் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகள் முகமெல்லாம் கண் முன்னால் வந்தது. உன் முகமும் வந்தது, திட்டுகிற மாதிரியே. வெளியே என்னைத் தேடுகிற சத்தம். கடைசியில் கதவு திறந்தது. குட்டையாக ஒருவர், வாசனை இல்லாமல், “ஏங்க, நான்தான் உங்க டாக்டர். போன வாரம் உங்களைப் பார்த்தேனே” என்றார். குரல் தெரிந்த குரல்தான். இருந்தாலும் நம்பவில்லை. “வெட்டறது நீங்களா, அவரா?” என்று குவியலுக்குள்ளிருந்தே கேட்டேன். அதற்குள் வாசனையும் வந்துவிட்டது.

வந்தவர் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அய்யா, நான் டாக்டர் இல்ல, நடிகன். இதே மாடியில புது வார்டுல ஷூட்டிங். இந்தப் படத்துல நான் ஹீரோகூட இல்ல. கடைசியில ஒரு நிமிஷம் டாக்டரா வந்து, மாஸ்க்கைக் கழட்டிட்டுப் போயிடுவேன். யாருக்கும் தெரியாம வந்தாத்தான் தியேட்டர்ல விசில் பறக்கும். அதனாலதான் என்னை உங்க ரூம்ல ஒளிச்சு வச்சாங்க.”

“அப்ப என் வயிறு?”

“தொட மாட்டேன். சத்தியமா.”

அக்கா, அந்தத் ‘தொட மாட்டேன்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் எந்த ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேனோ, அதே ஆபரேஷன் அந்த நிமிஷத்தில் எனக்குக் கல்யாணம் மாதிரி தோன்றியது. “டாக்டர், நீங்களே வெட்டிடுங்க, இப்பவே வெட்டிடுங்க” என்று குட்டை மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டேன். நடிகர் என்னைத் தோளில் சாய்த்துக் கட்டில்வரை கூட்டிப் போனார். மயக்க ஊசி போடுகிறவரை என் கையை விடவில்லை. ஊசியை எடுத்ததும் அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. “எனக்கு ஊசின்னாலே ஆகாது. வெளிய சொல்லிடாதீங்க” என்றார். நான் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாலையில் எங்கள் டாக்டர் புது வார்டுக்குப் போய், கத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்த நடிகருக்குக் காமிரா பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுத்தாராம்.

உன் தம்பி பெண்டாட்டி இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. ரகசியம் வெளியே போகக் கூடாதென்று அன்று லிஃப்டை நிறுத்தி அவளைக் கீழேயே வைத்துவிட்டார்கள். அந்த நடிகரின் படத்தை ஒன்று விடாமல் பார்க்கிறவள். “பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சிருக்காரு. மூஞ்சி எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க” என்றாள். “வெள்ளையா இருந்துச்சு” என்றேன். “கோட்டைக் கேக்கல!” என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், கஞ்சியை இப்போது ஸ்டூலில் டக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

படம் வரும்வரை இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. அத்தானிடமும். அதுவரை நான் பயந்தாங்கொள்ளி என்றே அவர் சொல்லிக்கொள்ளட்டும், போகட்டும். வயிறு லேசாக இருக்கிறது, மனசும் லேசாக இருக்கிறது. டாக்டர் டாக்டராகவும் நடிகர் நடிகராகவும் அவரவர் இடத்தில் இருக்கிற உலகம் எவ்வளவு நிம்மதியானது என்று படுத்தபடியே நினைத்துக்கொள்கிறேன். நாளைக்குத் தையல் பிரிக்கிறார்கள். அத்தானுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ மாமாவின் ஆசிகள்.

என்றும் உன் சொல் தட்டாத
தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நர்ஸிடமிருந்து போன். நாளைக்கு வர வேண்டாமாம், டாக்டர் ஊரில் இல்லையாம். கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்த சினிமா டைரக்டர், இந்த முகத்தை விடக்கூடாது என்று அடுத்த படத்துக்கு நடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். டாக்டர் வேஷமா என்று கேட்டேன். இல்லையாம், நோயாளி வேஷமாம். அப்போது என் தையலை யார் பிரிப்பது என்று கேட்டேன். “யாராவது வருவாங்க சார்” என்று சொல்லி வைத்துவிட்டாள். நாங்கள் நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்பி அங்கே வருகிறோம். உங்கள் தெருவில் கொஞ்சம் முகலட்சணம் குறைந்த டாக்டராக ஒருவரைப் பார்த்து வை.