கழுத்தைக் காட்டுங்க மாப்ள

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த 'ர' எங்கே வரும் என்று இன்றைக்கும் தெரியாது. பொறுத்துப் படியுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன். (எழுதவும் வெட்கம்தான். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.)

எனக்கு ஊர் திருக்கோவிலூர் பக்கம், ஆற்றங்கரை. பெண் எடுத்தது வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில். தலைப்பிரசவத்துக்கு என் மனைவி தாய்வீடு போனாள். பெண் குழந்தை பிறந்தது. நான் பார்க்கப் போன நேரம் மனைவிக்குக் காய்ச்சல். மாமியாருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. குழந்தைத் துணி துவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பழைய வேட்டியைக் கிழித்த துண்டுகள்தான். தை மாசப் பனியில் ஒன்று காய்வதற்குள் குழந்தை இன்னொன்றை நனைத்துவிடும். துவைப்பது எனக்குக் கஷ்டமில்லை. காயப்போடத்தான் பயம். வெயில் நன்றாக விழுவது வாசல் கொடியில். வாசலுக்கு எதிரே தெருக்குழாய். அங்கே குடத்தோடு நிற்கிற பெண்கள் எல்லாருமே ஏதோ ஒரு வகையில் எனக்கு மச்சினி முறை.

முதல் நாளே பக்கத்து வீட்டு மச்சினி ஆரம்பித்தாள்.

"இன்னா மாமா, பீத்துணிய இவ்ளோ அழகா தொவைக்கிற! எங்க வூட்டுதும் எடுத்தாரட்டா?"

குழாயடி முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

மறுநாள் விடியலில் துணிகளைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். வேலி மேல் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. கொத்துக் கொத்தாகக் காய். ஒவ்வொன்றின் மேலும் பொன் நிறத்தில் பூனை முடி மாதிரி மெத்தென்று இருந்தது. 'இந்த ஊரில் வேலியைக்கூட மெத்தையாக வளர்க்கிறார்களே' என்று வியந்து, துணிகளை அதன் மேலேயே விரித்தேன். (பனியில் நனைந்து கிடந்ததால் அப்போது ஒன்றும் தெரியவில்லை.)

வெயில் ஏறியதும் காய்ந்த துணிகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டுபோய், வீட்டுக்குள் கூடையில் வைத்துவிட்டு மறுபடி கொல்லைக்கு வந்தேன். கழுத்தில் சுருக்கென்றது. அப்புறம் கை. அப்புறம் முதுகு. மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிச்சல். சட்டையைக் கழற்றி வீசிவிட்டுச் சொறிந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் நின்றுவிட்டார்.

"இன்னாப்பா, தனியா ஆடிக்கினு கீற?"

"அரிக்குதுங்க."

"அந்தக் கொடியில கைய வச்சியா? பூனைக்காலிப்பா அது! காய் மேல முடியாட்டம் கீற அந்தச் சொணை பட்டா மாடே கயித்த அறுத்துக்கினு ஓடும்."

எனக்கு அரிப்பு நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றது. துணிக்கூடை ஞாபகம் வந்ததும் உடம்பே மரத்துப்போனது. மாடே ஓடும் என்றால், வெங்காயச் சருகு மாதிரித் தோல் உள்ள என் பிள்ளை?

ஓடினேன்.

உள்ளே மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மச்சினி குளிப்பாட்டி முடித்த குழந்தை அவர் கால் மேல் கிடந்தது. மாமியார் கையில் கூடையிலிருந்து எடுத்த துணி.

அதுவரை மாமியாரிடம் "சரிங்க அத்த" என்பதைத் தவிர வேறெதுவும் நான் பேசினதில்லை. இப்போது கத்த வேண்டும். பாய்ந்து துணியைப் பிடுங்கி எறிந்தேன்.

"ஐயோ, மாமாவுக்கு இன்னாவோ பூந்துக்கிச்சு!" என்று மச்சினி அலறினாள்.

குழந்தை வீறிட்டது. பார்த்தேன். தொடையில் காசு அகலத்துக்குச் சிவப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் அவளை அப்போதுதான் முதன்முதலாகத் தூக்கினேன். (மாமியார் எதிரில் வெட்கப்பட்டு அதுவரை எட்ட நின்றே பார்த்திருந்தேன்.)

"செவந்துடுச்சு அத்த! பூனைக்காலி மேல காயப்போட்டுட்டேன் அத்த!" என்று அழுதேவிட்டேன்.

மாமியார் நிதானமாகச் சொன்னார்: "அது மச்சம் மாப்ள. பொறந்தப்பவே கீது. பெத்த அப்பன் நீங்க, இத்தினி நாளா பாக்கலியா?" அடுத்த நொடி அவரே அலறினார்: "புள்ளைய உடுங்க மொதல்ல! சொணை பூரா உங்க மேலதான் கீது!"

விடுவதற்குள் குழந்தை என் கழுத்தில் மூத்திரம் போனாள். அந்த ஓரிடத்தில்தான் அன்றைக்கு எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

அவளை மறுபடி குளிப்பாட்டினார்கள். ஒரு தடிப்பும் வரவில்லை. நான் எந்தக் குழாயடிக்குப் பயந்து கொல்லைப்பக்கம் போனேனோ, அதே குழாயடியில் என்னை நிறுத்தி, உடம்பு முழுக்கச் சாணி பூசிக் கழுவினார்கள். மச்சினிகள் குடம் குடமாக ஊற்றினார்கள்.

அன்றைக்கே மாமியார் ஒரு சட்டம் போட்டார். எந்தக் குழந்தைத் துணியும் மாப்பிள்ளை கழுத்தில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் பிள்ளைக்கு. "கழுத்தைக் காட்டுங்க மாப்ள" என்பார். காட்டுவேன்.

இப்போது அந்த மச்சக்காரிக்கே ஒரு பையன். பட்டன் வைத்த துவைக்கிற துணி ஜட்டிகள் வாங்கி வைத்திருக்கிறாள். துவைத்துக் காயப்போடுவது நான்தான். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, "அப்பா, கழுத்து" என்கிறாள். குனிகிறேன். இதை எழுதச் சொன்னவளும் அவள்தான். இன்றைய துணிகளை வாசல் கொடியில் போட்டிருக்கிறேன். தெருவே பார்க்கிறது. பார்க்கட்டும்.

தை மூன்று, சனிக்கிழமை.