அம்மையாரின் வலது கை

"இன்னும் ஒரு சுத்து சுத்தும்மா. பாக்குறவங்களுக்கே வலிக்கணும்," என்றார் ஜனாதிபதியின் மனைவி.

உதவியாளர் பெண் கட்டுத்துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அம்மையாரின் வலது மணிக்கட்டில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அன்று மாலை வரவேற்பில் கை குலுக்க வரிசையில் நிற்கப்போகிற கூட்டத்திடம்தான். தொழிலதிபர்கள் கையைப் பிழிவார்கள். தூதர்கள் பிடித்த கையை விட மறந்துவிடுவார்கள். அவர் கழுத்தை நீட்டியது ஒரு கணக்கு வாத்தியாருக்கு. வாத்தியார் ஜனாதிபதியாகித் தொலைப்பார் என்று யார் கண்டது?

ஒரே ஒரு மாலை தப்பித்தால் போதும் என்றுதான் நினைத்தார். தப்பித்தும்விட்டார். வந்தவர்கள் கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள், எப்படி அடிபட்டது என்று துளைத்தெடுத்தார்கள். உதவியாளர் வாய்க்கு வந்தபடி, மாடிப்படியில் வழுக்கிவிட்டது என்று சொல்லிவைத்தாள். மத்தியானத்துக்குள் மாடிப்படியைக் கயிறு கட்டி மறித்தார்கள். படிக்கட்டில் கம்பளம் விரிக்கிறவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு இருப்பது இந்த ஒரு வேலை, கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு மகள்.

அம்மையார் உடனே உதவியாளரைக் கூப்பிட்டார். படியில் வழுக்கவே இல்லை, நாய் சங்கிலியைப் பிடித்து இழுத்துவிட்டது என்று மாற்றிச் சொல்லச் சொன்னார். கம்பளக்காரர் விஷயம் விசாரணையில் இருக்கிறது என்று பதில் வந்தது. நாயை மட்டும் அன்றே பயிற்சிக்கூடத்துக்கு வண்டியேற்றினார்கள். வாயில்லா ஜீவன், வண்டி திரும்பும்வரை அம்மையாரையே பார்த்துக்கொண்டு போயிற்று.

மனைவி படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் ஜனாதிபதியே களத்தில் இறங்கினார். கை இருப்பதைக் கவனிக்காமல் கதவைச் சாத்தியது நான்தான், தப்பு என்னுடையது என்று பெருந்தன்மையாக அறிவித்தார். சாயங்காலத்துக்குள் மாளிகையில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஊரெல்லாம் பேச்சு.

"ஏங்க, உங்களை யாரு நடுவுல வரச் சொன்னது?"

"உன் மேல பழி வரக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"இப்ப உங்க மேல வந்தாச்சு. அந்தக் கம்பளக்காரர் இன்னும் வீட்டுலதான் உக்காந்திருக்காரு. நாயும் வந்தபாடில்லை."

இனி ஒரே வழிதான் என்றார் பத்திரிகைச் செயலாளர். மாளிகை டாக்டர் கையைப் பார்த்து, பத்திரிகைக்காரர்களிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். டாக்டர் எத்தனையோ ஜனாதிபதிகளுக்கு நாடி பிடித்தவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பொய் பேசாதவர் என்று பெயரெடுத்தவர்.

அவர் கட்டை அவிழ்க்க அவிழ்க்க அம்மையாருக்கு வியர்த்துக் கொட்டியது. தன் மானம் போனால் போகட்டும், கம்பளக்காரர் பிழைப்பில் மண் விழக் கூடாது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டார்.

"டாக்டர், நானே உண்மையைச் சொல்லிடறேன்..."

"கொஞ்சம் பேசாம இருங்கம்மா."

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், காத்திருந்தவர்களிடம் கறாராகச் சொன்னார். படியும் இல்லை, நாயும் இல்லை, கதவும் இல்லை. ஓயாமல் கை குலுக்கியதால் வந்த வலி. மறுபடி தான் சொல்கிறவரை அம்மையார் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது.

அன்று மாலையே கம்பளக்காரர் படியில் மண்டியிட்டுக் கம்பளத்தை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நாய் வந்த வேகத்தில் அதைச் சுருட்டிவிட்டு ஓடியது. ஜனாதிபதியைத் திட்டியவர்களெல்லாம், பெண்டாட்டிக்காகப் பழியை ஏற்ற மனுஷன் என்று கொண்டாடினார்கள். அம்மையாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அழுகைகூட வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார். "நீங்க பொய்யே பேச மாட்டீங்கன்னு சொன்னாங்களே?"

டாக்டர் கட்டுத்துணியைச் சுருட்டிப் பையில் பத்திரப்படுத்தினார்.

"உங்களுக்கு முன்னாடி இங்க இருந்த எல்லா அம்மாவுக்கும் இதே கைதான், இதே வலிதான். பதவியேத்த மாசமே கட்டோட வந்து நிப்பாங்க. நீங்க இத்தனை நாள் வராம இருக்கவும், உங்களுக்குத்தான் உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டேன்."